செங்குத்துச் சரிவில் ஒரு குடும்பத் தோட்டம்



"இரண்டு ஏக்கரை வைத்துக்கொண்டு பெரிய பண்ணையோடு எப்படிப் போட்டி போடுவது?" இந்தக் கேள்வி நம் ஊர்களில் மட்டும் எழுவதன்று. ஜெர்மனி நாட்டில், மோசல் என்னும் ஆற்றங்கரையில் திராட்சை பயிரிடும் சிறு குடியானவரும் இதையேதான் கேட்கிறார். அவருடைய நிலம் குளிர் மிகுந்தது, செங்குத்தானது, கல் நிறைந்தது. டிராக்டர் ஏறாத இடங்கள் பல. ஆயினும் அந்த நிலத்தில் ரசாயன உரமும் களைக்கொல்லியும் இல்லாமல் திராட்சை விளைவித்து, தன் வீட்டு நிலவறையிலேயே வெள்ளை ஒயின் ஆக்கி, தன் பெயரிலேயே விற்று வாழ்கிற குடும்பங்கள் அங்கே உள்ளன.

மது என்றதும் முகம் சுளிக்க வேண்டாம். குடிக்கச் சொல்ல வந்த கட்டுரை அன்று இது. நம் மாநிலத்தில் உரிமம் இல்லாமல் மது தயாரிப்பது குற்றம் என்பதும் யாவரும் அறிந்ததே. நாம் பார்க்கப் போவது பாட்டிலை அல்ல, அதற்குப் பின்னால் இருக்கும் கொடியையும் மண்ணையும் கணக்கையும்தான்.

குளிர் நாட்டில் திராட்சை பழுப்பது எப்படி?

மோசல் ஆறு பிரான்சு நாட்டில் தோன்றி, லக்சம்பர்க் நாட்டின் எல்லையை ஒட்டி வந்து, ஜெர்மனியில் கோப்லென்ஸ் நகரில் ரைன் ஆற்றுடன் கலக்கிறது. இந்தப் பகுதி பூமத்திய ரேகையிலிருந்து சுமார் 50 பாகை வடக்கே உள்ளது. செப்டம்பர் மாதக் கடைசியில் நண்பகலில்கூடச் சூரியன் அடிவானத்திலிருந்து 40 பாகை உயரத்துக்கு மேல் ஏறாது. சமதரையில் வெயில் சாய்வாக விழுந்து, வலுவிழந்து போகும். ஆகவேதான் அங்குள்ளவர்கள் தெற்கு நோக்கிய மலைச்சரிவைத் தேடிப் பிடித்தார்கள். சரிவு செங்குத்தாக இருக்க இருக்க, தாழ்ந்து நிற்கும் சூரியனின் கதிர் நிலத்தில் நேராக விழும். பிரெம் என்ற ஊருக்கு அருகிலுள்ள கல்மொன்ட் மலையில் சரிவு 65 பாகை வரை இருக்கிறது. ஐரோப்பாவிலேயே மிகவும் செங்குத்தான திராட்சைத் தோட்டம் என்று அதைச் சொல்லுகிறார்கள்.

மண்ணும் உதவுகிறது. அங்கே நிலத்தில் பலகைக்கல் சில்லுகள் நிறைந்து கிடக்கின்றன. கருமையான அந்தக் கற்கள் பகலில் வெப்பத்தை வாங்கி வைத்து, இரவில் மெல்ல வெளிவிடும். கீழே ஓடும் ஆறும் குளிரின் கடுமையைச் சற்றுத் தணிக்கிறது.

பயிரிடும் ரகத்தில் முதன்மையானது ரீஸ்லிங். 1435-ஆம் ஆண்டுக் கணக்கு ஒன்றிலேயே இந்த ரகத்தின் பெயர் காணப்படுகிறது. 1787-இல் ட்ரியர் பகுதியை ஆண்ட பேராயர், மட்டமான கொடிகளை அகற்றி நல்ல ரகங்களை நடும்படி ஆணையிட்டார். அதன் பிறகு ரீஸ்லிங் மேலும் பரவியது. இன்று மோசல் பகுதித் திராட்சைப் பரப்பில் பாதிக்கும் மேல் இந்த ரகமே. கட்டை குளிரைத் தாங்கும். தாமதமாகத் துளிர்க்கும், தாமதமாகவே பழுக்கும்.

குளிரால் ஒரு நன்மையும் உண்டு. வெப்பப் பகுதியில் பழத்தில் சர்க்கரை விரைவாக ஏறும். புளிப்போ அதே வேகத்தில் குறையும். இரவுக் குளிர் இருந்தால் பழத்தின் புளிப்பு அவ்வளவு விரைவாகக் கரைந்து போகாது. மெதுவாகப் பழுப்பதால் மணமும் சேரும். இனிப்பும் புளிப்பும் மணமும் சமமாக நிற்பதே மோசல் வெள்ளை ஒயினுக்குரிய தனித்தன்மை. அதாவது, நிலத்தின் குறையே சரக்கின் சிறப்பாக மாறியிருக்கிறது.

ஓராண்டு வேலை

கம்பம் பள்ளத்தாக்கில் நாம் பந்தலில் கொடியைப் படரவிட்டு, ஆண்டு முழுவதும் கவாத்து, அறுவடை என்று மாறி மாறிச் செய்கிறோம். மோசலில் ஆண்டுக்கு ஒரே விளைச்சல். குளிர்காலத்தில் கொடி இலையுதிர்ந்து உறங்கும்போது, ஜனவரி, பிப்ரவரி மாதங்களில் கவாத்து செய்கிறார்கள். பழைய முறைப்படி ஒவ்வொரு கொடிக்கும் ஒரு தனிக் கம்பு. விட்டுவைத்த இரண்டு கிளைகளை இருபுறமும் வளைத்து, இதய வடிவில் அந்தக் கம்பிலேயே கட்டுவார்கள். ஈரப்பதமுள்ள நாளில் வளைத்தால்தான் கிளை முறியாது.

ஏப்ரல் கடைசியில் துளிர் வரும். அப்போது உறைபனி பெய்தால் இளந்துளிர் கருகிவிடும். மே மாத நடுவரை இந்தப் பயம் தீராது. ஜூன் நடுவில் பூக்கும். பூத்ததிலிருந்து ஏறக்குறைய நூறு நாளில் அறுவடை என்பது அவர்கள் கைக்கணக்கு. செப்டம்பர் கடைசியிலிருந்து அக்டோபர் முடிய, கூடையைச் சுமந்து சரிவில் ஏறி இறங்கிக் குலைகளைக் கையால் வெட்டுகிறார்கள். மிகச் செங்குத்தான இடங்களில் ஒற்றைத் தண்டவாளத்தில் ஓடும் சிறு வண்டி ஆளையும் பழத்தையும் ஏற்றிச் செல்கிறது.

மண்ணை வளர்க்கும் முறை

ஐரோப்பியச் சட்டப்படி, நிலத்தை இயற்கை முறைக்கு மாற்றத் தொடங்கியபின் மூன்றாண்டு கழிந்த பிறகே திராட்சையை 'இயற்கை விளைபொருள்' என்று விற்கலாம். இந்த மூன்று ஆண்டுகளில் செலவு புதிய முறைக்கு, விலையோ பழைய சரக்குக்கு. பலர் தடுமாறுவது இந்தக் காலத்தில்தான்.

களைக்கொல்லி கூடாது. ஆகவே சரிவில் மண்வெட்டியும் புல்வெட்டும் கருவியும் கொண்டு கையாலேயே களை எடுக்க வேண்டும். வரிசைகளுக்கு இடையே தீவனப்புல், பயறு வகைச் செடிகள், கம்புப்புல் முதலியவற்றை விதைக்கிறார்கள். நாம் தக்கைப்பூண்டும் சணப்பும் விதைத்து மடக்கி உழுவது போன்றதே இது. பயறு வகை வேர்முடிச்சுகள் காற்றிலுள்ள தழைச்சத்தைப் பிடித்து வைக்கும். மழைநீர் மண்ணை அரித்துச் செல்லாமல் வேர்கள் பிடித்துக்கொள்ளும். செங்குத்துச் சரிவில் மண் அரிப்பே முதல் எதிரி என்பதால் இதற்கு அங்கே மதிப்பு அதிகம்.

ஆனால் எந்த ஆண்டும் ஒரே முறை சரிப்படாது. வறட்சி வந்தால் இந்தப் புல்லே கொடியின் நீரைக் குடித்துவிடும். அப்போது அதை வெட்டியோ மடக்கியோ போட்டு, மூடாக்காக விட்டுவிடுகிறார்கள். வானத்தைப் பார்த்து முடிவு செய்ய வேண்டிய வேலை இது.

நோயும் மயில்துத்தமும்

இயற்கை விவசாயம் என்றால் மருந்தே தெளிப்பதில்லை என்று பலர் எண்ணுகிறார்கள். அது தவறு. திராட்சைக்கு அடிச்சாம்பல் நோய் ஒரு பெரும் கண்டம். அமெரிக்காவிலிருந்து இந்தப் பூசணம் 1870-களின் பிற்பகுதியில் பிரான்சுக்கு வந்து சேர்ந்தது. அப்போது போர்டோ பகுதியில், சாலையோரக் கொடிகளில் வழிப்போக்கர் பழம் பறிக்காமலிருக்க மயில்துத்தமும் சுண்ணாம்பும் கலந்து பூசி வைப்பது வழக்கம். பூசிய கொடிகளில் மட்டும் இலை உதிராமல் நிற்பதைப் பேராசிரியர் மில்லார்தே 1882-இல் கண்டார். ஆராய்ந்து 1885-இல் வெளியிட்டார். நம் தென்னைக்கும் பாக்குக்கும் இன்றுவரை நாம் அடிக்கும் போர்டோ கலவை பிறந்த கதை இதுதான்.

இன்றும் இயற்கைத் திராட்சைக்காரருக்கு அடிச்சாம்பல் நோயைத் தடுக்க முதன்மையான மருந்து தாமிரமே. சாம்பல் நோய்க்குக் கந்தகம். ஆனால் தாமிரம் மண்ணில் மக்கிப்போவதில்லை. ஆண்டுக்காண்டு சேர்ந்துகொண்டே போகும்; மண்புழுவுக்கும் நுண்ணுயிருக்கும் கேடு செய்யும். ஆகவே 2019 முதல் ஐரோப்பிய ஒன்றியத்தில் வரம்பு உண்டு. ஏழு ஆண்டுகளில் ஹெக்டேருக்கு மொத்தம் 28 கிலோ தாமிரம், அதாவது ஆண்டுக்குச் சராசரி 4 கிலோ.

இதை நம் கணக்குக்குக் கொண்டுவந்து பார்ப்போம். மயில்துத்தத்தில் கால் பங்குதான் தாமிரம். எனவே 4 கிலோ தாமிரம் என்பது 16 கிலோ மயில்துத்தம். ஏக்கருக்கு ஆண்டு முழுவதற்கும் சுமார் ஆறரைக் கிலோ. நூறு லிட்டர் தண்ணீருக்கு ஒரு கிலோ மயில்துத்தம் கலக்கும் ஒரு சதவீதப் போர்டோ கலவையை ஏக்கருக்கு 200 லிட்டர் வீதம் தெளித்தால், மூன்றே தெளிப்பில் இந்த அளவு தீர்ந்துவிடும். மழை மிகுந்த கோடையில் இது போதாது. ஆகவே அவர்கள் வலிமை குறைந்த கரைசலை, மழைக்கு முன்பாக, காலம் பார்த்துப் பல தடவையாகப் பிரித்துத் தெளிக்கிறார்கள். குலையைச் சுற்றியுள்ள இலைகளைக் கிள்ளி, காற்றோட்டம் உண்டாக்குகிறார்கள். ஈரம் விரைவில் உலர்ந்தால் நோய் பாதி குறைந்தது போல.

இன்னொரு வழி, நோய் எதிர்ப்புள்ள புதிய ரகங்கள். ஃப்ரைபர்க் நகரிலுள்ள திராட்சை ஆராய்ச்சி நிலையத்தில் 1975-இல் ஒட்டுச்சேர்க்கை செய்து உருவாக்கிய சொலாரிஸ் என்ற வெள்ளை ரகம் அவற்றில் ஒன்று. இதற்குத் தெளிப்பு மிகக் குறைவாகப் போதும். ஆனால் வாடிக்கையாளர் ரீஸ்லிங் என்ற பெயரைக் கேட்டு வருகிறவர். புதுப் பெயருக்கு அவரைப் பழக்குவது எளிதன்று.

எல்லோரும் சேர்ந்தால்தான் பலன்

குலையைத் துளைக்கும் புழு ஒன்று உண்டு. அதன் தாய் அந்துப்பூச்சியை மருந்தில்லாமல் ஒழிக்க ஒரு வழி கண்டிருக்கிறார்கள். பெண் பூச்சியின் இனக்கவர்ச்சி மணத்தைச் செயற்கையாகச் செய்து, சிறு குப்பிகளில் அடைத்துத் தோட்டமெங்கும் தொங்கவிடுவார்கள். எங்கும் அதே மணம் வீசுவதால் ஆண் பூச்சிக்குப் பெண் இருக்கும் இடம் தெரியாது. கூடல் இல்லை, முட்டை இல்லை, புழுவும் இல்லை.

ஆனால் ஒருவர் தம் துண்டு நிலத்தில் மட்டும் கட்டினால் பயனில்லை. பக்கத்து நிலத்தில் கூடிய பூச்சி பறந்துவந்து முட்டையிடும். மோசலில் தலைமுறை தலைமுறையாகப் பாகம் பிரித்து நிலங்கள் துண்டு துண்டாகக் கிடக்கின்றன. ஒருவருக்கே பத்து இடத்தில் பத்து வரிசை இருக்கும். எனவே ஊரார் ஒன்றுகூடி, இயற்கை முறைக்காரர், மற்றவர் என்ற வேற்றுமை பாராமல், மலைச்சரிவு முழுவதிலும் ஒரே நேரத்தில் குப்பி கட்டுகிறார்கள். சிறு நிலத்தின் குறையை ஊர் ஒற்றுமை ஈடுகட்டும் என்பதற்கு இதைவிட நல்ல சான்று வேண்டியதில்லை.

எடையா, தரமா?

மோசலில் சட்டம் அனுமதிக்கும் உயர்ந்த அளவு ஹெக்டேருக்கு 12,500 லிட்டர் ஒயின். ஏக்கருக்குச் சுமார் 5,000 லிட்டர். ஆனால் 1910-இல் தோன்றிய வி.டி.பி. என்ற தரச் சங்கம், தன் உறுப்பினரின் தலைசிறந்த நிலங்களுக்கு ஹெக்டேருக்கு 5,000 லிட்டர்தான் என்று வரம்பு கட்டியிருக்கிறது. ஏக்கருக்கு 2,000 லிட்டர். முக்கால் லிட்டர் பாட்டிலில் ஏறக்குறைய 2,700. விளைச்சலைப் பாதிக்கும் கீழே தாமே குறைத்துக்கொள்கிறார்கள்! கொடியில் குலை குறைந்தால் மீதிக் குலைகள் நன்றாகப் பழுக்கும் என்பதே காரணம். எடைக்கு விற்பவர் இப்படிச் செய்தால் நட்டம். தரத்துக்கு விலை கிடைத்தால்தான் இது செல்லும்.

பழுத்த நிலையை நாக்கால் மட்டும் பார்ப்பதில்லை. கரும்புச் சாற்றில் நாம் சர்க்கரைச் சத்தை அளப்பதுபோல் அவர்களும் அளக்கிறார்கள். ஜெர்மனியில் எக்ஸ்லே என்பவர் வகுத்த அளவை வழங்குகிறது. ஒரு லிட்டர் சாறு, ஒரு லிட்டர் தண்ணீரைவிட எத்தனை கிராம் கூடுதல் எடையோ அத்தனை பாகை. 1,080 கிராம் எடையிருந்தால் 80 பாகை.

சாறு ஒயினாகும் விதம்

குலைகளை மெல்லப் பிழிந்து, சாற்றை ஓர் இரவு தெளியவிடுகிறார்கள். பிறகு ஏறக்குறைய ஆயிரம் லிட்டர் பிடிக்கும் பழைய ஓக் மரப் பீப்பாயிலோ, எஃகுத் தொட்டியிலோ ஊற்றுகிறார்கள். நொதி சர்க்கரையைச் சாராயமாகவும் கரியமில வாயுவாகவும் மாற்றுகிறது. நிலவறை குளிர்ந்திருப்பதால் இந்த வேலை வாரக்கணக்கில், சில சமயம் மாதக்கணக்கில் மெதுவாக நடக்கும், மணம் பறந்துபோகாது. வசந்த காலத்திலோ அதற்குப் பிறகோ பாட்டிலில் அடைக்கிறார்கள்.

கெடாமலிருக்கக் கந்தகம் சிறிது சேர்ப்பது உண்டு. 2012 அறுவடை முதல் ஐரோப்பாவில் இயற்கை ஒயினுக்கென்று தனி விதி வந்தது. இனிப்பு மிகக் குறைந்த வெள்ளை ஒயினில் லிட்டருக்கு 150 மில்லிகிராம் கந்தக உப்புக்கு மேல் இருக்கக் கூடாது. சாதாரண ஒயினுக்கு 200 வரை அனுமதி. அதற்கு முன்பு 'இயற்கைத் திராட்சையிலிருந்து செய்த ஒயின்' என்றுதான் எழுத முடிந்தது; 'இயற்கை ஒயின்' என்று எழுத முடியாது.

விற்பனை: பெயரே முதல்

பழத்தையோ பீப்பாய் ஒயினையோ வியாபாரிக்குப் போட்டால் விலையை அவர் வைப்பார். தானே அடைத்து விற்றால் விலையைத் தான் வைக்கலாம். தன் தோட்டத்துப் பழத்தைத் தானே ஒயினாக்கித் தானே பாட்டிலில் அடைத்ததாக அட்டையில் போட்டுக்கொள்ளத் தனிச் சொல் சட்டத்தில் உண்டு. தரமான ஒயின் ஒவ்வொன்றும் அரசுச் சோதனைக்குப் போய், சோதனை எண் பெற்று, அதையும் அட்டையில் அச்சிட வேண்டும். குறை சொன்னால் ஆளைக் கண்டுபிடித்துவிடலாம். அதனாலேயே நம்பிக்கை.

இன்னொரு பழைய சலுகை: திராட்சைக் குடியானவர் ஆண்டுக்கு நான்கு மாதம் வரை, நாற்பது பேருக்கு மிகாமல் இடம் போட்டு, சொந்த ஒயினையும் எளிய உணவையும் தம் வீட்டிலேயே விற்கலாம். உணவு விடுதிக்கான உரிமம் தேவையில்லை. வாசலில் ஒரு தழைக்கொத்தைக் கட்டினால் கடை திறந்திருக்கிறது என்று அடையாளம்.

தனியாக விற்க இயலாதவர் கூட்டுறவில் சேர்ந்தனர். பக்கத்து ஆர் பள்ளத்தாக்கில், மைஷோஸ் என்ற ஊரில் 1868-இல் திராட்சைக் குடியானவர் கூட்டுறவுச் சங்கம் அமைத்தார்கள். அதே ரைன் பகுதியில் உழவர் கடன் சங்கங்களைத் தொடங்கியவர் ரைஃபைசன். அவர் முறையை ஆராய்ந்து சென்னை மாகாணத்துக்கு ஏற்றது என்று 1890-களில் பரிந்துரைத்தார் பிரெடரிக் நிக்கல்சன். 1904-இல் கூட்டுறவுக் கடன் சங்கச் சட்டம் வந்தது. நம் ஊர் கூட்டுறவுச் சங்கத்தின் வேர் அந்த ஆற்றங்கரைகளைத் தொட்டு நிற்கிறது.

கணக்கின் மறுபக்கம்

நல்லதை மட்டும் சொல்லி முடித்தால் உழவருக்குத் துரோகம். செங்குத்துச் சரிவில் கைவேலைக்குப் பிடிக்கும் நேரம், சமவெளியில் இயந்திரத்தால் செய்வதைப் போல மூன்று நான்கு மடங்கு. ஆள் கிடைப்பதில்லை, பிள்ளைகள் நகரத்துக்குப் போகிறார்கள். 1990-களின் தொடக்கத்தில் மோசலில் 12,000 ஹெக்டேருக்கு மேல் திராட்சை இருந்தது. இப்போது சுமார் 8,500. கைவிட்ட நிலம் புதராகி, பக்கத்துத் தோட்டத்துக்கும் நோய் பரப்புகிறது.

ஜெர்மனியில் இயற்கை முறைக்காரர்கள் முன்பு பொட்டாசியம் பாஸ்போனேட் என்ற பொருளை அடிச்சாம்பல் நோய்க்குத் துணையாகத் தெளித்துவந்தார்கள். 2013-இல் அது பூச்சி, நோய் மருந்து வகையில் சேர்க்கப்பட்டு, இயற்கை முறையில் தடுக்கப்பட்டது. 2016-இல் மழை விடாமல் பெய்தபோது இயற்கைத் தோட்டங்கள் கடுமையாக அடிபட்டன. 2021-லும் அப்படியே. சான்றைக் காப்பதா, விளைச்சலைக் காப்பதா என்ற இக்கட்டு அப்போது பல வீடுகளில் எழுந்தது. 2024 ஏப்ரலின் பிற்பகுதியில் பெய்த உறைபனி, மோசலிலும் அதன் கிளையாறுகளான சார், ரூவர் கரைகளிலும் துளிர்களைக் கருக்கியது.

இவற்றையும் தாண்டி நிற்பவர்கள் நீண்ட காலம் பொறுத்தவர்கள். பியூண்டெரிக் ஊரில், மரியன்பர்க் சரிவில் பயிரிடும் கிளெமென்ஸ் புஷ் குடும்பத்தார் 1984-இலேயே இயற்கை முறைக்கு மாறியவர்கள். மறு ஆண்டு, 1985-இல், இயற்கைத் திராட்சைக்காரருக்கென்று எகோவின் என்ற சங்கம் ஜெர்மனியில் தோன்றியது. அப்போது கேலி செய்தவர்கள் உண்டு. பெயர் நிலைக்கப் பல ஆண்டுகள் ஆயின.

நினைவில் கொள்ள வேண்டியவை

1. சிறு நிலத்தார் எடையில் போட்டியிட முடியாது. மற்றவரிடம் கிடைக்காத தனித்தன்மையில் போட்டியிடலாம். அது வாழையோ, மிளகோ, வெல்லமோ, எதுவானாலும் சரி.

2. இயற்கை முறைக்கு மாறும் ஆண்டுகளைத் தாங்கக் கைப்பணம் உண்டா என்று முதலில் பாருங்கள். நிலம் முழுவதையும் ஒரே நேரத்தில் மாற்றாமல் ஒரு பகுதியில் தொடங்குவது நல்லது.

3. இயற்கைப் பொருள் என்றாலும் அளவு மீறினால் கேடு. மயில்துத்தம் தெளிக்கும் ஒவ்வொரு முறையும் அளவைக் குறிப்பேட்டில் எழுதிவையுங்கள்.

4. பூச்சிக்கு வேலி இல்லை. பக்கத்து நிலத்தாரோடு பேசிச் சேர்ந்து செய்யும் தடுப்புக்கே முழுப் பலன்.

5. உங்கள் பெயரைப் போட்டு விற்கத் துணிவு வரும் அளவுக்குச் சரக்கு இருக்க வேண்டும். பெயர் வந்த பிறகு ஒரு மூட்டை கலப்படம்கூட அதை அழித்துவிடும்.

பயிற்சி வினாக்கள்

1. மோசல் உழவர்கள் சமதரையை விட்டுத் தெற்குச் சரிவைத் தேர்ந்தெடுத்தது ஏன்?
2. உங்கள் தோட்டத்துக்குச் சென்ற ஆண்டு எத்தனை கிலோ மயில்துத்தம் போட்டீர்கள்? அதில் தாமிரம் எவ்வளவு?
3. உங்கள் நிலத்தின் எந்தக் குறையைச் சிறப்பாக மாற்ற முடியும்?

மூன்றாவது வினாவுக்கு விடை புத்தகத்தில் இல்லை. ஒரு மாலை நேரம் வரப்பில் நின்று பார்த்தால் கிடைக்கும்.